தங்கள் குமாரத்தி விசில் அடித்தது மெய்தான்

திருத்தணி,
1943ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ ஹெட்மாஸ்டர் யோபு அவர்கள் சமூகத்துக்கு, சம்பந்தி எலியேசர் அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவருடைய காவலில் நானும், என் மனைவி லோயிஸும், தங்கள் குமாரத்தியும் எங்கள் மருமகளுமான பிரேமகுமாரியும் இவ்விடம் சுகமாயிருக்கிறோம். ராணிப்பேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் தங்கள் கடிதத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கும் இடங்களைப் பார்த்தபோது, தங்களுக்கு இரத்தக்கொதிப்பு சற்று ஏறியிருக்குமோ என்று லோயிஸ் கவலைப்படுகிறாள். உப்பைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

நேற்று வந்த அந்தக் கடிதத்தில் தாங்கள் கேட்டிருப்பதாவது: என் மகள் அரக்கோணத்து மைதானத்தில் ஆண்பிள்ளைகள் கூட்டத்தின் நடுவே நின்றது மெய்யா, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தது மெய்யா, காலேஜின் வைஸ் பிரின்சிபாலும் தமிழ்ப் பண்டிதருமாகிய நீர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மெய்யா என்பது. தங்களுக்கு யார் எழுதினார்களோ தெரியாது. ஆனால் முதல் இரண்டும் மெய். மூன்றாவதில் மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு. நான் பக்கத்தில் நிற்கவில்லை. பெஞ்சியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். இப்படி ஒரு காரியம் எப்படி நேர்ந்தது என்று முதலிலிருந்து சொல்லாமல் தங்களுக்கு விளங்காது. ஆகையால் தாங்கள் கோபத்தைச் சற்றே இறக்கி வைத்துவிட்டு இதை முழுக்க வாசிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஆசிரியர் போதனாமுறைக் காலேஜில் பாஸ்கட்பால் என்ற கூடைப்பந்து விளையாட்டு ஒன்று உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. அதைப் பழக்கிக்கொண்டிருந்த டிரில் மாஸ்டர் போன ஆவணியில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மறுநாளே பிரின்சிபால் துரை என்னைக் கூப்பிட்டு, பந்தை என் கையில் கொடுத்து, இனி இது உம்முடைய பொறுப்பு என்றார். இத்தனை காலமும் வெண்பாவுக்குத் தளை பிரித்துக்கொண்டிருந்தவன் நான். பிறத்தியார் வீட்டுப் பச்சைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த அணியோ டிரில் மாஸ்டர் இருந்தபோதே ஜெயித்தறியாதது. போன வருஷம் அரக்கோணம் பந்தயத்தில் மதராஸ் காலேஜ் ஒன்றோடு மோதினார்கள். அந்தக் காலேஜின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இப்போது அவர்களுக்குத்தான் மனவருத்தம். அன்று கரும்பலகையில் எண்ணிக்கை எழுதின மனிதர் எங்கள் பக்கத்துக்கு என்று சுண்ணாம்புக்கட்டியைக் கையிலே எடுக்கவேயில்லை.

இந்த நிலைமையில்தான் சர்க்காரிலிருந்து அதிகமாய் உணவு பயிரிடுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. எங்கள் காலேஜில் ஸயன்ஸ் எடுக்கிற கோதண்டபாணி அதைத் தன் அறைக் கதவில் ஒட்டினார். ஒட்டினதோடு நில்லாமல் தொட்டி தொட்டியாய்க் கத்தரி நாற்று விட்டார். நாற்று வளர வளர அவருடைய கண் மைதானத்தின் மேல் விழுந்தது. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "தோக்கறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ எடம்? ரூமுக்குள்ளயே தோக்கலாமே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சிபால் துரை மட்டும் சிரிக்காமல், இந்த வருஷமும் அரக்கோணத்தில் போனமுறைபோலத் திரும்பி வந்தால் மைதானத்தை உழுதுவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கத்தரிக்காயின்மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளைத் தாங்கள் பார்க்கவேண்டும். படிப்பு முடிந்ததும் ஒவ்வொருவனும் ஏதோ ஒரு ஒற்றையாசிரியர் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒண்டியாய் உட்கார்ந்து, அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தே கிழவனாகப் போகிறவன். அவர்களுக்குச் சாயங்காலத்தில் ஒருமணி நேரம் தொண்டை கிழியக் கத்த ஒரு இடம் உண்டென்றால் அது அந்த மைதானந்தான். அதை உழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகையால் தேறாத அணியைத் தேற்ற என்ன வேண்டும் என்று ஆராயத் தொடங்கினேன். வீரம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிழலில் உட்காரவைத்து, புறமுதுகு காட்டாமை என்னும் பொருள்பற்றி நெடுநேரம் பேசினேன். பிள்ளைகள் கண்ணீர் விட்டார்கள். மறுநாள் உள்ளூர் ஹைஸ்கூல் பையன்களிடம் தோற்றார்கள். சாப்பாடு போதவில்லை என்றாள் லோயிஸ். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் வயிறு முட்டக் கொடுத்தோம். பந்து வந்தால் குனிய முடியாமல் நின்றார்கள். ஜெபம் போதவில்லை என்றார் பிரின்சிபால் துரை. ஜெபித்தோம். எதிர் அணியிலும் ஜெபிக்கிறவர்கள் இருக்கக்கூடும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

இனித் தங்கள் குமாரத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் எலியாஸ் பட்டாளத்தோடு கப்பலேறிப் போனான்; கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே அவனிடமிருந்து ஒரு கார்டும் வரவில்லை. பிரேமா அழவில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காலேஜ் மைதானம். தபால்காரன் அதைக் குறுக்கே கடந்துதான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அந்த ஜன்னலில்தான் அவள் நாள்முழுதும் இருப்பாள். லோயிஸ் சோறு பிசைந்து கொண்டுபோய் வைத்துவிட்டு, அது தொடப்படாமல் திரும்பி வருவதைப் பார்த்துப் பின்கட்டில் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்க ஒருநாள் சாயங்காலம் நான் பந்தை இடுக்கிக்கொண்டு, தோல்வி முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"மாமா, அந்த ராஜவேலு பந்தை யாருக்குமே குடுக்கறதில்லையே, கவனிச்சீங்களா?"

எத்தனையோ வாரத்தில் அவளாக வாய்திறந்து பேசின முதல் வார்த்தை அதுதான் சம்பந்தி. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். மதராஸில் படித்தபோது அவள் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறாள் என்பதும், காலேஜ் அணிக்கே அவள்தான் தலைவி என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். கலியாணப் பேச்சின்போது தாங்கள் அவளுக்குத் தையலும் ஆர்மோனியமும் தெரியும் என்றுமட்டும் சொன்னதாக ஞாபகம்.

பந்தைக் காட்டுங்கள் என்றாள். யுத்தகாலத்தில் புதுப்பந்து எங்கே கிடைக்கிறது? எங்கள் பந்து செருப்புத் தைக்கிறவரிடம் பலமுறை போய்வந்தது. பலாப்பழத்தின் தம்பிபோல ஒருபக்கம் புடைத்திருக்கும். அவள் அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அது நேரே எழும்பாமல் கோணலாய்ப் பாய்ந்து, சமையலறைக்குள் போய், லோயிஸ் உறைக்கு வைத்திருந்த பால்குண்டானைக் கவிழ்த்தது. லோயிஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். ஏனென்றால் பிரேமா சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். லோயிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தரம் போடும்மா. தயிர் கெடக்குது" என்றாள்.

அன்று அவள் தட்டில் சோறு மிஞ்சவில்லை. கை கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "இந்தப் பந்தை வச்சிக்கினு தட்டித் தட்டி ஓடவே முடியாது மாமா. தரையே காட்டக்கூடாது. கையில இருந்து கைக்கு, கையில இருந்து கைக்கு. ஒருத்தன் வச்சிக்கினு நிக்கக் கூடாது. ஓட்டம் பந்துக்கு இல்ல, ஆளுக்குத்தான்."

ஆரம்பத்தில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது, சம்பந்தி. மருமகள் மைதானத்தில் இறங்குவதாவது! அவள் ஜன்னலில் இருந்தபடியே பார்த்துச் சொல்லுவாள்; நான் ஓடிப்போய் மைதானத்தில் சொல்லுவேன்; பிள்ளைகள் கேட்ட சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவருவேன். பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் ஓடினேன். மூச்சிரைப்பில் வாக்கியம் பாதியும் மூச்சு பாதியுமாய்ப் போய்ச்சேரும். ஒருநாள் பிரேமா, தணிகாசலம் திரும்புகிறபோது தவறாகக் கால் வைக்கிறான் என்று, "காலை மாத்தச் சொல்லுங்க மாமா!" என்றாள். நான் ஓடிப்போய், "காலை மாற்றச் சொல்கிறார்கள்!" என்று பதவுரையோடு அறிவித்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிமேல் பழக்கம் சாயங்காலத்தில் இல்லை, காலைநேரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஹாஸ்டலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் வேற்றுமை உருபால் ஒரு தமிழ்ப் பண்டிதன் இதைவிட அவமானப்பட்டதுண்டா?

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் பிரேமா இல்லை. பின்கதவு திறந்தது. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். "எல்லாரும் திரும்பி வாங்க!" என்று ஒரு சத்தம். ஹாஸ்டல் வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். சமையற்காரரும் கூட வந்துவிட்டார். அவள் மைதானத்தில் இறங்கினது இப்படித்தான். இதில் நான் அனுமதி கொடுத்தேன் என்றும் சொல்ல முடியாது, தடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. ஓரமாய் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அணியில் மூன்று பேரைப்பற்றி மட்டும் தங்களுக்குச் சொல்லவேண்டும். தலைவன் ராஜவேலு நன்றாய்க் கூடையில் போடுவான். அதனாலேயே வேறு எவனும் போடுவதை அவனால் பொறுக்க முடியாது. தணிகாசலம் திருவாலங்காட்டுப் பக்கம் நிலபுலமுள்ள வீட்டுப் பிள்ளை, பனைமரம்போல உயரம். ஆனால் எதிரி வந்து இடித்தாலும் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். பங்காரு பள்ளிப்பட்டில் தறி நெய்கிற வீட்டுப் பையன், எல்லோரிலும் குள்ளம், எல்லோரிலும் வேகம். அவசரத்தில் அவனுக்குத் தமிழ் வராது. இங்கே என்பதற்கு "இக்கட! இக்கட!" என்று தெலுங்கில் கத்துவான். யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தணிகாசலம் பந்தோடு தலையைக் குனிந்துகொள்ளுவான்.

முதலில் ராஜவேலுதான் முறுக்கிக்கொண்டான். "பொம்பளைங்க சொல்லி நாங்க ஆடணுங்களா சார்?" என்று என்னிடம் கேட்டான், அவளுக்குக் கேட்கும்படியாக. பிரேமா அந்தப் புடைத்த பந்தை வாங்கி, கோட்டில் நின்று, கூடையைப் பார்த்து எறிந்தாள். வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. ராஜவேலு எறிந்தான், வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. மறுபடியும் அவள், விழுந்தது. மறுபடியும் அவன், போயிற்று. அவன் முகம் கருத்துவிட்டது.

"நீ நல்லாத்தான் போடற, ராஜவேலு" என்றாள் பிரேமா. "அதான் கஷ்டமே. நீ ஒருத்தன்தான் போடுவேன்னு ஊருக்கே தெரிஞ்சி கிடக்குது. உன்னை அமுக்கிட்டா ஆட்டம் முடிஞ்சிது. நான் சொல்றவரைக்கும் நீ கூடையையே பாக்கக்கூடாது. குடுக்கறது மட்டுந்தான் உன் வேலை."

தலைவனைக் கூடை பார்க்காதே என்றால் எப்படியிருக்கும்! அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, ராஜினாமா செய்கிறேன் என்று நின்றான். லோயிஸ் அவனை உட்காரவைத்து மீன்குழம்பு போட்டாள். அவன் ராஜினாமாவுக்கான காரணங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, இவள் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டே சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கை கழுவிவிட்டு, "நாளைக்கு எத்தினி மணிக்குங்க வரணும்?" என்று கேட்டுக்கொண்டு போனான்.

தணிகாசலத்தின் விஷயம் வேறு. அவனுக்குப் பிரேமாவிடம் அவ்வளவு பயம். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் குழம்பி, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டான். அன்றுமுதல் அணிமுழுதும் அவளுக்கு "சார்"தான். என்னை வேறு எப்படியோ கூப்பிடுகிறார்கள். என்ன என்று நான் விசாரிக்கவில்லை. பங்காருவின் தெலுங்குக்கு அவள் செய்த ஏற்பாட்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவனுக்குத் தமிழ் பழக்குவாள் என்று பார்த்தால், "இவனுக்கு வர்றது இதுதான். நாம எல்லாரும் இதையே சொல்லிட்டுப் போவோம்" என்று சொல்லி, மற்ற எல்லோரையும் "இக்கட" என்று கத்தச் சொல்லிவிட்டாள். பதினைந்து நாளில் காலேஜ் முழுதும் அதுவாயிற்று. என் இலக்கண வகுப்பில் எழுவாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், பின்பெஞ்சியிலிருந்து "இக்கட!" என்று பதில் வந்தது.

மூச்சுப் பிடிப்பதற்காக விடியற்காலையில் மலைக்கோயில் படிகளில் ஏறியிறங்கச் சொன்னாள். நம்முடைய மிஷன் காலேஜ் பிள்ளைகள் முருகன் மலையில் என்ன செய்கிறார்கள் என்று சபை மூப்பர்கள் கேட்பார்களே என்று எனக்கு நடுக்கம். தை மாசம், படி முழுதும் காவடிக் கூட்டம். இவர்கள் வெறுங்காலோடு வேர்த்து விறுவிறுத்து ஓடுவதைப் பார்த்த ஒரு அம்மாள், "என்னா வேண்டுதல் ராஜா?" என்று கேட்டிருக்கிறாள். ராஜவேலு, "மெட்ராஸ் காலேஜை ஜெயிக்கணுங்க" என்று ஓடிக்கொண்டே சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் மனம் இளகி, வரிசையாய் எல்லோர் நெற்றியிலும் விபூதியை அள்ளிப் பூசிவிட்டாள். அணியில் பாதிப்பேர் நம் சபைப் பிள்ளைகள். அந்த நெற்றியோடு நேரே காலை ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பாஸ்டர் ஐயர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சுண்ணாம்பு வேலை நடக்கிறதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். கோயில்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளைகள் இறங்குகிறபோது கிழவிகளின் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்ததில் அவர்களுக்குச் சந்தோஷமே.

கோதண்டபாணியோ தினமும் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, "போட்டி எப்போ சார்? நாத்து முத்திக்கினே போவுது" என்று கேட்பார். தோற்றதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அவரும் அரக்கோணத்துக்கு எங்களோடு ரயில் ஏறினார்.

பந்தய நாள். ரயில் முழுதும் பட்டாளத்துக்காரர்கள். நாங்கள் ஒற்றைக்காலில் நின்றபடி போய்ச்சேர்ந்தோம். முதல் ஆட்டம் ரயில்வே வாலிபர்களோடு. எப்படி ஜெயித்தோம் என்று எங்களுக்கே விளங்குவதற்குள் ஜெயித்துவிட்டோம். கரும்பலகை மனிதர் சுண்ணாம்புக்கட்டி தேடி ஓடினார். சாயங்காலம் கடைசி ஆட்டம். எதிரே அந்த மதராஸ் காலேஜ். எல்லோரும் ஒரேமாதிரி பனியன், ரப்பர் ஜோடு. அவர்களுடைய மேனேஜர் கோட்டுப் போட்டவர், பிரேமாவைப் பார்த்துவிட்டு என்னிடம், "யார் சார் இவங்க, உங்க டீமுக்குச் சமையலா?" என்று கேட்டார். நடுவரும் வந்து, ஸ்திரீகள் பந்தலுக்குள் போய் உட்கார வேண்டும் என்றார்.

பிரேமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தி, நான் சண்டை போட்டு அறியாதவன். தங்களுக்கே தெரியும், கலியாணப் பந்தலில் சாப்பாடு பிந்தினபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! "ஐயா, இந்த அணிக்கு மேனேஜர் இவர்தான். நான் இவருக்குத் துணையாக வந்தவன். பந்தலுக்குள் யாராவது போகவேண்டுமானால் நான் போகிறேன்" என்றேன். நடுவர் என் தலைப்பாகையையும் நரைத்த மீசையையும் பார்த்தார். விதிப்புத்தகத்தில் தேடினார். மேனேஜர் ஆணாயிருக்கவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

முதல் பாதியில் பின்தங்கினோம். மறைப்பானேன், நன்றாகவே பின்தங்கினோம். புதுப்பந்து, நம் பிள்ளைகளுக்கு அது நேராய் வருவதே புதிது. கோதண்டபாணி என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மூலையில் வெண்டை போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளையில் பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டு வந்தார்கள். நான் வீரத்தைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். பிரேமா கையமர்த்தினாள்.

"மூச்சு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க சார்."

"அவங்களைப் பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மதராஸ் பிள்ளைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தரையிலேயே படுத்துவிட்டான்.

"தட்டித் தட்டி ஓடியே ஓஞ்சிட்டாங்க. நீங்க மலைப்படி ஏறினவங்க. போங்க, கைக்குக் கை. ராஜவேலு, இப்போ நீ கூடையைப் பாக்கலாம். ஆனா கடைசியா பாரு."

அதற்குப்பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவேன்? பந்து தரையில் படவேயில்லை. ராஜவேலு கையிலிருந்து பங்காருவுக்கு, பங்காருவிடமிருந்து இன்னொருவனுக்கு, எதிரிகள் திரும்புவதற்குள் அது வேறு இடத்தில் இருக்கும். "இக்கட! இக்கட!" என்று நம் பிள்ளைகள் கத்த, பந்தலில் இருந்த தெலுங்கு ஜனங்கள் முதலில் கத்த, பிறகு தமிழ் ஜனங்கள் கத்த, பட்டாளத்துக்காரர்கள் அர்த்தம் தெரியாமலே கத்தினார்கள். ஒவ்வொரு கூடையாய் இடைவெளி குறைந்தது. நான் எப்போது பெஞ்சியின் மேல் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. ஏறின பிறகு பக்கத்தில் பார்த்தால் கோதண்டபாணியும் நின்றுகொண்டு, "குடுறா பங்காரு! அவனுக்குக் குடுறா! வுடாதே!" என்று அலறிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் அந்த விசில். ஒரு புள்ளி குறைவாயிருக்கிறோம். பந்து கோட்டுக்கு வெளியே போய் ஆட்டம் நின்றிருக்கிறது. ஆட்டம் முடிய வெகுநேரமில்லை. அந்தச் சமயம் பார்த்து மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் என்ஜின் வந்து நின்று ஆவியை விட ஆரம்பித்தது. பிரேமா கூப்பிடுகிறாள்; ராஜவேலுவுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டினாள், அவன் பார்க்கவில்லை. அதன்பிறகுதான் இரண்டு விரலை வாயில் வைத்தாள். அப்பேர்ப்பட்ட விசிலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. நடுவர் தன் விசில் தன் வாயில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். ராஜவேலு திரும்பினான். பிரேமா கூடையடியில் நின்ற தணிகாசலத்தை ஒரு விரலால் காட்டினாள். அவ்வளவுதான்.

பந்து ராஜவேலு கைக்கு வந்தது. மதராஸ் அணி மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. போன வருஷமும் அப்படித்தான் அவனை அமுக்கினார்கள். அவன் கூடையைப் பார்த்தான். நானே "போடுடா!" என்று கத்திவிட்டேன். போடவில்லை, சம்பந்தி! அந்தப் பிள்ளை, பந்தை எவனுக்கும் கொடுத்தறியாத பிள்ளை, கூட்டத்தின் இடுக்கில் குனிந்து பங்காருவுக்குக் கொடுத்தான். பங்காரு அதைப் பிடித்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. பந்து தணிகாசலத்தின் கையில் இருந்தது. ஒருவன் அவனை இடித்தான். மன்னிப்புக் கேட்டுவிடுவானோ என்று எனக்கு உயிரே போயிற்று. அவன் கேட்கவில்லை. பரணில் பானையை வைப்பதுபோலக் கையை நீட்டி, நிதானமாய்க் கூடைக்குள் வைத்தான். நடுவர் ஊதினார். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். யாரையாவது தோளில் தூக்கவேண்டும் என்ற வெறி. பிரேமாவைத் தூக்க முடியாதே. அவளுக்கு முன்னால் வந்து நின்று திகைத்துவிட்டு, திரும்பி என்னைத் தூக்கிவிட்டார்கள். தங்கள் குமாரத்திக்குச் சேரவேண்டிய மரியாதையை என் இடுப்பு பெற்றுக்கொண்டது. இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டுப்போட்ட மேனேஜர் பிரேமாவிடம் வந்து, தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கணும் அம்மா, எங்க பசங்களுக்கு நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா தேவலை" என்றார். அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று ரயிலில் கேட்டேன். "படி ஏறச் சொன்னேன் மாமா. மெட்ராஸ்ல ஏது மலைன்னு கேட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

மைதானம் தப்பிற்று. பிரின்சிபால் துரை சொன்ன சொல் தவறாதவர். மைதானத்தை உழவில்லை; பயிருக்கும் இடம் வேண்டுமே என்று தம் பங்களாவின் ரோஜாத் தோட்டத்தைக் கொடுத்துவிட்டார். கோதண்டபாணி அங்கே கத்தரி நட்டிருக்கிறார். ஆனால் சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்து, பந்தை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை தபாலில் எலியாஸிடமிருந்து கார்டும் வந்துவிட்டது; சுகமாயிருக்கிறான், தபால்கள் தேங்கிப்போயிருந்தனவாம். பிரேமா அதை வாசித்தாள், லோயிஸைக் கட்டிக்கொண்டு அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரம் தவறாமல் மைதானத்துக்குப் போனாள்.

ஆகையால் சம்பந்தி, தாங்கள் கோபத்தில் புறப்பட்டு வந்துவிட வேண்டாம். கண்டிக்க வேண்டுமானால் என்னைக் கண்டியுங்கள். தையலும் ஆர்மோனியமும் கற்ற ஒரு பெண்ணைத் தாங்கள் எங்களுக்குக் கொடுத்தீர்கள். நாங்கள் அவளைக் கெடுத்துவிட்டோம் என்று தாங்கள் நினைக்கலாம். அவள் மறுபடியும் சாப்பிடுகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள் என்பதற்குமேல் எனக்குச் சொல்ல நியாயம் இல்லை. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும். சகல நன்மைகளும் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும்படி வேண்டிக்கொண்டு, தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,

சம்பந்தி எலியேசர்.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வழியில்லாமல் போயிற்று. கையெழுத்துப் போட்டு மை உலருவதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது, தாங்கள் இறங்கினீர்கள். இப்போது தாங்கள் என் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கண்ணாடி தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறையில் நின்று இதை எழுதுகிறேன். கோபமாய்த்தான் புறப்பட்டதாகவும், அரக்கோணத்தில் வண்டி மாறினபோது தாங்கள் இன்னாருடைய தகப்பனார் என்று தெரிந்ததும் முன்பின் அறியாத ஜனங்கள் எழுந்து இடம் கொடுத்ததாகவும், ஒரு பட்டாளத்துக்காரர் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி "இக்கட!" என்றதாகவும் சற்றுமுன் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க ஸ்கூல் பசங்க இந்த வருஷம் ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கல சம்பந்தி. பிரேமாவை ஒரு மாசம் ராணிப்பேட்டைக்கு அனுப்பி வச்சீங்கன்னா..." என்று கேட்டீர்கள். மேலே இத்தனை பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதினதெல்லாம் வீண். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. ஆகையால் எழுத்திலே சொல்லிவிடுகிறேன்: அனுப்ப முடியாது. வருகிற மாசம் வேலூரில் ஆட்டம் இருக்கிறது. இரண்டாவது தம்ளர் காபியோடு லோயிஸ் இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுப்பாள். தயவுசெய்து முதலில் காபியைக் குடித்துவிடுங்கள்.